பதினான்கு வருடம் கிடைக்காத விசாரணை

ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் பதினோரு வருடம் எழுத்தராக இருந்தேன். மெமோ, விளக்கம், விசாரணை அறிக்கை, மேல்முறையீடு, மறுபடி மெமோ. அந்தப் பழக்கமோ என்னவோ, போர் வரலாறு படித்தாலும் ஜெயித்த தளபதிகளைவிட வேலை பறிபோனவர்கள் மேல்தான் கண் போகிறது. அப்படி அகப்பட்டவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்கள் பக்கம் நின்ற ராணுவ அதிகாரி கவர்னர் வாரன். (கவர்னர் என்பது பதவியல்ல, பெற்றோர் வைத்த பெயர்.)

1850-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் இரண்டாம் இடத்தில் தேறியவர். மிசிசிப்பிக்கு மேற்கே உள்ள பரப்பு முழுவதற்கும் வரைபடம் தயாரித்த பொறியாளர். 1863 ஜூலை 2 அன்று, கெட்டிஸ்பர்க் சண்டையில் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் ஏறிப் பார்த்தால், கொடியசைத்துச் செய்தி அனுப்பும் சில பேரைத் தவிர அங்கே ஆளே இல்லை. எதிரிப்படை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆளனுப்பியும் தானே போய்க் கேட்டும் படைகளை மேலே ஏற்றினார். குன்று தப்பியது.

அப்புறம் ஐந்தாம் கோர் என்ற பெரும் படைப்பிரிவுக்குத் தளபதியானார். 1865 ஏப்ரல் 1, ஃபைவ் ஃபோர்க்ஸ் சண்டை. முந்தைய இரவு ஓடைப் பாலம் உடைந்து கிடந்ததால் படை வந்து சேரத் தாமதம். அன்று சண்டையை நடத்திய மேல் தளபதி ஷெரிடன் தரப்பில் கொடுத்த படத்தில் எதிரியின் இடது முனை தப்பான இடத்தில் இருந்தது. அதை நம்பிப் போனதில் வாரனின் கோரில் ஒரு டிவிஷன் விலகிப் போய்விட்டது. வரைபடமே பிழைப்பாக இருந்தவருக்கு வேறு யாரோ போட்ட படத்தால் வந்த வினை! விலகியவர்களைக் கூட்டிவர வாரனே குதிரையில் போனார். ஷெரிடன் தேடும்போது ஆள் பக்கத்தில் இல்லை. ஜெயித்த அன்று மாலையே பதவி போயிற்று. மறுபரிசீலனை கேட்டார், ஷெரிடன் மறுத்துவிட்டார். எட்டாம் நாள் எதிரித் தளபதி லீ சரணடைந்தார்.

சண்டை நடந்த அன்று காலையே, தேவைப்பட்டால் வாரனை நீக்கிக்கொள்ளலாம் என்று ஷெரிடனுக்கு மேலதிகாரி கிராண்ட் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் பிரிவிலும் சில உத்தரவுகளின் வரைவு, குற்றம் நடப்பதற்கு முன்பே தயாராக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

விசாரணை வையுங்கள் என்று வாரன் உடனே கேட்டார். கிராண்ட் தலைமைத் தளபதியாக இருந்தார், பிறகு ஜனாதிபதியானார். கோரிக்கை நகரவே இல்லை. வாரன் பழைய மேஜர் பதவிக்கே இறங்கி, ஆறுகளை அளந்தும் பாலம் கட்டியும் காலம் தள்ளினார். கடைசியில் ஜனாதிபதி ஹேய்ஸ்தான் 1879-இல் விசாரணைக் குழு அமைத்தார். நூறு நாளுக்கு மேல் சாட்சிகள்.

1882 ஆகஸ்டில் வாரன் இறந்தார். பெரும்பாலும் அவருக்குச் சாதகமான முடிவு வெளியானது நவம்பரில். சீருடை வேண்டாம், ராணுவ மரியாதையும் வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்ததால் சாதாரண உடையில்தான் புதைத்திருந்தார்கள்.

எங்களிடம் அந்தக் கோப்பு வந்திருந்தால், ‘சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது’ என்று நான்தான் எழுதி முடித்திருப்பேன்.