கொடுத்த உதவியைத் திரும்ப வாங்குவது

சேலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக நினைப்பவர் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இரண்டு ஆண்டு பட்டயப் பயிற்சி முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுத வேண்டும். ஐந்து பகுதி, பகுதிக்கு 30 கேள்வி, மொத்தம் 150. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியருக்கு வழி வேறு. அந்தப் பட்டயம் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழ் வருகிறது. அதுவும் இரண்டு ஆண்டு. படித்து முடித்துக் குழுமத்தில் பதிவு எண் வாங்கிய பிறகுதான் வேலை. செவித்திறன், பார்வை, அறிவுசார் வளர்ச்சி என்று ஏதாவது ஒரு பிரிவில்தான் படிக்கிறோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைக் குறைபாட்டைப் பட்டியலிடுகிறது. வட்டார வள மையத்துக்கு வேலைக்குப் போன முதல் வாரமே, படிக்காத பிரிவைச் சேர்ந்த பிள்ளைதான் எதிரில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டையும் படிக்க வருகிறவர்கள் பாடச்சுமைக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் தடுமாற வைப்பது கைப்பழக்கம். அரிசித் தட்டில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பதில் தொடங்கும் ஊர் நம்முடையது. பிள்ளை திணறினால் கை தானாக நீளும். தொடக்கக் கல்விப் பயிற்சி அந்தக் கையை இன்னும் பழக்கிவிடுகிறது. சிறப்புக் கல்விப் பயிற்சி கேட்பது வேறு: கொடுக்கிற உதவியை எந்தத் தேதியில், எந்த வரிசையில் திரும்ப எடுப்பாய் என்று முதல் நாளே எழுதிவை என்கிறது. இரண்டு படிப்பையும் ஒரே ஆளுக்குள் பொருத்துகிற இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். நமக்கு ஒரு வேலை, பிள்ளைக்கு ஐந்து. ஒரு கை பொத்தானைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொரு கை துளைப் பக்கத்தைப் பிடிக்க வேண்டும். பொத்தானின் விளிம்பைச் சாய்த்துத் துளைக்குள் தள்ள வேண்டும். மறுபக்கம் எட்டிப் பார்க்கிற பாதியை விரல் நுனியால் கவ்வ வேண்டும். இழுக்க வேண்டும். முதல் படியிலிருந்து கற்றுக்கொடுத்தால் மூன்றாவதில் பிள்ளை அழுதுவிடும். அதனால் கடைசியிலிருந்து வருகிறோம். முதல் நான்கு படிகளையும் ஆசிரியர் செய்துவிடுவார், இழுப்பது மட்டும் பிள்ளை. பொத்தான் மாட்டிவிட்டது, வேலை முடிந்தது, அந்த முடித்த சந்தோஷம் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஐந்து முறை. மூன்று நாள் தொடர்ந்து ஐந்துக்கு நான்கு சரியாக வந்தால் கவ்வுகிற படியையும் பிள்ளையிடம் விடலாம். முதலில் இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பெரிய பொத்தான், பிறகுதான் சீருடைப் பொத்தான். புதிதாக வருகிற ஆசிரியர்கள் பெரும்பாலும் செய்கிற பிழை, பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வது. எதிரில் இருந்தால் இடம் வலமாகிவிடும். பின்னால் உட்கார்ந்து, நம் கை பிள்ளையின் கை போகிற திசையிலேயே போக வேண்டும்.

தூண்டலுக்கும், அதாவது பிள்ளை செய்யத் தொடங்க நாம் கொடுக்கிற உதவிக்கும், வரிசை உண்டு. கைமேல் கை, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கையில் ஒரு தொடல், பிறகு செய்துகாட்டல், சைகை. வாய்ச்சொல்தான் இருப்பதிலேயே லேசான உதவி என்று பலரும் நினைக்கிறார்கள். எடுப்பதற்குக் கடினமானது அதுதான். "இது என்ன? ம..." என்று ஆசிரியர் இழுக்க, வகுப்பே "மரம்!" என்று முடிக்கிற பழக்கம் நமக்கு ஊறிப்போனது. அந்த 'ம' இல்லாமல் மரத்தைப் பார்த்து மரம் என்று சொல்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். முதல் வாரம் அந்த ஐந்து ஒரு யுகம் மாதிரி இருக்கும். நாலாவது எண்ணில் பதில் வருகிற பிள்ளைகள் நிறையப் பேர்.

எழுத்து விஷயத்தில் இரண்டு பயிற்சியும் ஒன்றுக்கொன்று கண் திறந்துவிடுகின்றன. 'கொ' என்று ஒலிக்கும்போது முதலில் வருவது க். அச்சில் முதலில் நிற்பது கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளை இடமிருந்து வலமாக நேர்மையாக வாசிக்கிறது, அதனால்தான் தடுக்கி விழுகிறது. பிரெயிலில் இந்தத் தொல்லை இல்லை. க-வுக்கு 1, 3 புள்ளிகள், அதையடுத்து ஒ. ஒலிக்கிற வரிசையிலேயே எழுத்தும் நிற்கும். (பிரெயில் பலகையில் ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக, புள்ளிகளைத் திருப்பிப் போட்டுக் குத்த வேண்டும் என்பது வேறு கதை. தாளைத் திருப்பினால் நேராகிவிடும்.) பார்வைப் பிரிவில் படிக்காதவர்களும் இந்த ஒன்றையாவது தெரிந்துகொண்டால், அச்சில் பிள்ளை எங்கே இடறுகிறது என்பது விளங்கும்.

அதற்கு அட்டையில் ஒரு சன்னல் செய்யலாம். பன்னிரண்டு சென்டிமீட்டர் அட்டை, நடுவில் நான்கு சென்டிமீட்டர் துளை. துளைக்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால், இரண்டும் ஒரே சிவப்பில். இரண்டும் சேர்ந்து ஒரே குறி என்று பிள்ளைக்குச் சொல்வது அந்த நிறம்தான். துளைக்குப் பின்னால் க, த, ந, ப, ம எழுதிய பட்டையை நகர்த்தினால் கொடி, தொடு, நொடி, பொரி, மொட்டு என்று சொற்கள் வரும். அடுத்த வாரம் சிவப்பைக் கறுப்பாக மாற்றுங்கள். மூன்றாவது வாரம் அட்டையையே எடுத்துவிடுங்கள். மறுநாளே 'கோ'வைக் கொண்டுவருவதுதான் கெடுதல். கொம்பில் ஒரு சுழி மட்டுமே வித்தியாசம், இரண்டும் கலந்துவிடும். 'கௌ' கடைசியில் வரட்டும். பிள்ளை அதைக் 'கெள' என்று வாசித்தால் கோபித்துக்கொள்ள நியாயமே இல்லை, பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

செவிக்கருவி போட்ட பிள்ளை வகுப்பில் இருந்தால், காலை வருகைப் பதிவுக்கு முன்பே இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகள். பிள்ளைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில், இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டால் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். இடையில் ஒருமுறை சும்மா இருங்கள். அப்போதும் கொட்டை விழுந்தால் பிள்ளை கேட்கவில்லை, ஊகிக்கிறது. ம், ஊ கேட்டு ஷ், ஸ் கேட்கவில்லை என்றால் உயர் சுருதி ஒலிகள் போய்ச் சேரவில்லை. எதுவுமே கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பொத்தான் பேட்டரியின் ஒட்டுத்தாளைப் பிரித்ததும் போட்டுவிடக் கூடாது. காற்றுப் பட்டு வேலை தொடங்க ஒரு நிமிடமாவது வெளியே இருக்க வேண்டும். ஏற்காட்டில் பனிமூட்ட மாதங்களில் கருவியின் குழாயில் ஈரம் துளியாகக் கட்டிக்கொள்ளும். இரவில் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் தீரும். அம்மாபேட்டையில் தறி ஓடுகிற வீடு என்றால் தொல்லை வேறு. கருவி பேச்சோடு தறிச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பிள்ளை வீட்டுக்குப் போனதும் கருவியைக் கழற்றி எறிந்தால் அதை அடம் என்று எழுதிவிடாதீர்கள்.

மலைமேல் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு படிப்பும் ஒரே மணி நேரத்தில் தேவைப்படும். ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அறையில் இருக்கும் பள்ளி அங்கே அபூர்வம் இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைப்படி பிரிக்கிற அரும்பு, மொட்டு, மலர் குழுக்கள் இதற்கு நல்ல துணை, 2022இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் முதல் பத்து எல்லோருக்கும் பொதுவாகப் பாட்டும் கதையும். அடுத்த இருபது குழு வேலை, அதில் ஏழு நிமிடம் மட்டும் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளையோடு. மிச்சம் மறுபடி எல்லோரும் சேர்ந்து. அந்தப் பிள்ளையை மூலையில் உட்கார வைத்து நாள் முழுக்கப் படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுப்பது வகுப்பில் சேர்த்ததாக ஆகாது. அங்கே இன்னொரு சிக்கல், பாசம். ஐந்தாம் வகுப்பு அக்கா ஓடி வந்து புத்தகத்தை எடுத்துக் கொடுப்பாள், மூடியைத் திறந்து கொடுப்பாள், விடையையும் சொல்லிவிடுவாள். அவளுக்கும் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து எண்ணக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் பாடப்புத்தகத் தமிழ் இல்லை. ஒன்றாம் வகுப்பில் கேட்ட கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளையை அறிவுசார் குறைபாடு என்ற கட்டத்தில் குறித்துவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! அதே கேள்வியை வீட்டுப் பேச்சில், பாட்டியையோ அண்ணனையோ வைத்துக் கேட்டுப் பார்த்த பிறகுதான் எதையும் எழுத வேண்டும். அதேபோல நவம்பரிலிருந்து காப்பிப் பழம் எடுக்கிற காலம். பெற்றோர் இருட்டிய பிறகே வீடு திரும்புவார்கள், பிள்ளைகளும் விட்டுவிட்டுத்தான் வருவார்கள். அந்தப் பிள்ளைக்கென்றே எழுதுகிற தனிநபர் கல்வித் திட்டத்தின் மூன்று மாத மறுஆய்வை அந்த வாரங்களில் வைத்தால் பிள்ளை பின்தங்கியதாகவே தெரியும். அக்டோபரிலேயே முடித்துவிடுவது நல்லது.

வலிப்பு வரும்போது உதவி எப்படித் தவறான இடத்தில் பாய்கிறது என்பதை ஒவ்வொரு பள்ளியிலும் பார்க்கலாம். நாலு பேர் கையைக் காலை அமுக்குவார்கள், ஒருவர் சாவிக்கொத்தைத் தேடுவார். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இல்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. தலைக்குக் கீழே மடித்த துணி, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மலைக் கிராமத்தில் வண்டி வந்து சேரவே நேரம் பிடிக்கும் என்பதால், எத்தனை நிமிடத்தில் அழைப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும். கோப்பு தடிமனாகப் போகும், ஆனால் உள்ளே 'நல்ல முன்னேற்றம்', 'ஓரளவு முன்னேற்றம்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். புதிய ஆசிரியர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மறுபடி கைமேல் கையிலிருந்து தொடங்கிவிடுவார், பிள்ளையும் ஒரு வருடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அரைப் பக்கம் போதும். எந்த வேலையில் எவ்வளவு உதவி இன்னும் மிச்சம் இருக்கிறது என்பது மட்டும் இருந்தால் சரி. 'கொ, தொ, பொ: அட்டை இல்லாமல் வாசிக்கிறாள். கோ தொடங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு: தானே கழுவுகிறாள், குழாயை மூட மட்டும் சைகை. பொத்தான்: கீழ் மூன்றும் தானே. மேல் இரண்டுக்கு முழங்கையில் ஒரு தொடல். பேச வேண்டாம்.'