மருந்து தடவினால் பழைய ஸ்லிக் டயருக்குப் பிடி திரும்புமா?

விறைத்துப்போன ரேஸ் டயரை என்ன செய்யலாம் என்று பாண்டியில் கேட்டால் ஆளுக்கொரு கைமருந்து வைத்திருக்கிறார்கள். மெக்கானிக் டீசல் என்பார், பெயின்ட் கடைக்காரர் தின்னர் என்பார், கார்ட் (சின்ன ரேஸ் வண்டி) ஓட்டுகிற பையன்கள் ஆன்லைனில் வாங்கிய, ஆரஞ்சு வாசம் அடிக்கிற ஒரு டப்பாவைக் காட்டுவார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டயர் இளகும், அது உண்மை. ஆனால் இளகுவது வேறு, பிடி திரும்புவது வேறு.

ஸ்லிக் என்பது வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான ரேஸ் டயர். அதன் ரப்பர் கலவையில் எண்ணெய் நிறையச் சேர்த்திருப்பார்கள், இளக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஓடும்போது சூடாகி, நிறுத்தியதும் ஆறி, மறுபடி சூடாகி என்று போகப்போக அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது, உள்ளே ரப்பர் இழைகளைக் கட்டிப்போடும் கந்தகப் பிணைப்புகள் இன்னும் இறுகுகின்றன, போதாததற்குக் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் மேல்தோலைக் கெட்டியாக்குகிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தலாம் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தார். அந்தப் பிணைப்பைப் பிரஷ்ஷால் தடவுகிற எந்த மருந்தும் அவிழ்க்காது. வெந்த இட்லியை யார் திரும்ப மாவாக்குவது?

அப்போ மருந்து என்னதான் செய்கிறது? டொலுயீன், சைலீன், ஆரஞ்சுத் தோலில் இருந்து எடுக்கிற லிமோனீன் மாதிரி கரைப்பான்கள் எல்லாமே ரப்பருக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கிற ட்யூரோமீட்டரை அழுத்தினால் அது காட்டுகிற ஷோர் ஏ எண் இறங்கியிருக்கும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் கரைப்பான் ஆவியாகும். அதற்குள் ரப்பரில் மிச்சமிருந்த எண்ணெயில் கொஞ்சத்தையும் வெளியே இழுத்திருக்கும் என்பதால், காய்ந்த பிறகு டயர் முன்பைவிடக் கெட்டியாகவே ஆகலாம். கனமான எண்ணெய் கலந்த மருந்து அவ்வளவு சீக்கிரம் போகாது, சரி, ஆனால் அதிலும் மேல்தோல் பிசுபிசுத்து, சில சுற்றுகளில் உருண்டு உதிர்ந்து, அடியில் பழைய விறைத்த ரப்பர் எட்டிப்பார்க்கும். இதில் இன்னொரு வேடிக்கை, காலையில் நிழலில் ஒரு அளவு எடுத்து, மருந்து போட்டு, மதியம் வெயிலில் சுட்ட டயரை அளந்து 'பாருங்க, இறங்கிடுச்சு' என்பது. சூட்டில் எந்த ரப்பரும்தான் இளகும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது தீ. சைலீன் ஏறக்குறைய 27 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும், டொலுயீனுக்கு 4 டிகிரி போதும். நம்ம ஊரில் டிசம்பர் மத்தியானம்கூட 27-ஐத் தாண்டும். மே மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு, தடவின டயரைப் பிளாஸ்டிக் சுற்றி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பீடி பற்றவைக்கிறவர்களுக்கு என்ன சொல்வது! தலைசுற்றல் தனி. கையுறை போட்டிருக்கிறேன் என்பார்கள், ஆனால் சாதாரண ரப்பர் கையுறையும் அதே கரைப்பானில் ஊறி உப்பும்.

போட்டிக்கு என்றால் பேச்சே இல்லை. ஃபார்முலா ஒன் விதியிலேயே டயரில் கரைப்பானோ மென்மையாக்கியோ தடவக் கூடாது. கார்ட்டிங்கிலும் இதைத் தடை செய்த போட்டிகள் பல, ஆவியை முகர்ந்து பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் காட்டும் கருவியைச் சில இடங்களில் டயரில் வைத்தே பார்க்கிறார்கள்.

நான் செய்வது இவ்வளவுதான். பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கிற கார்ட் டயர் என்றால் மேலே பளபளக்கிற கெட்டித் தோலைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன், அடியில் இருக்கிற ரப்பர் ஓரளவு வேலை செய்கிறது. நல்ல டயர் என்றால் கறுப்பு பாலிதீனில் இறுக்கிச் சுற்றி, வெயில் படாத கீழ் அறையில் வைக்கிறேன். மொட்டை மாடி கூடவே கூடாது. தீப்பொறி விடுகிற கிரைண்டர், டிரில் மாதிரி பிரஷ் மோட்டார் பக்கத்திலும் வேண்டாம், அதிலிருந்து வருகிற ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும்.

பழைய ரேஸ் டயரை மருந்து போட்டு பைக்கில் மாட்டி ஈசிஆரில் ஓட்டலாமா என்று கேட்கிற தம்பிகளுக்கு: வேண்டாம்ப்பா. உள்ளே நூலோடு ரப்பர் ஒட்டியிருக்கிற இடம்வரை கரைப்பான் இறங்கினால் அந்த ஒட்டு தளரலாம், வெளியே இருந்து அது தெரியாது. டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019-இன் 32-வது வாரம் தயாரித்தது. மருந்து வாங்கப் போகும் முன்னால் அதைப் படியுங்கள்.