லாரி மோதிய மறுநாள், ஏ.ஆர். காப்பியில் இருந்த ஒரு வரி

அண்ணனை லாரி இடித்தது ராத்திரி எட்டரை மணிக்கு. சேலம் – தர்மபுரி நெடுஞ்சாலையில் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறி நூறு அடிகூடப் போகவில்லை, பின்னால் வந்த லாரி அவருடைய எக்ஸ்.எல். மொபெட்டைத் தட்டித் தள்ளிவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்து நினைவில்லாமல் கிடந்தவரை, அந்த வழியாக வந்த ஒரு தம்பி காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் நடந்தது. அந்த இரண்டு நாளும் பணத்துக்கு அலையவில்லை.

மறுநாள் காலை ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்தில் வந்தவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரின் நகலைப் பார்த்தேன். ‘வண்டியில் வரும்போது தவறி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று இருந்தது. லாரி என்ற சொல்லே இல்லை. சேர்த்த தம்பி விபத்தைப் பார்க்கவில்லை, அவருக்குத் தோன்றியதைச் சொல்லியிருக்கிறார். வார்டு சிஸ்டர்தான் எச்சரித்தார்: “இதை அப்படியே விடாதீங்க. இன்சூரன்ஸ்காரங்க முதல்ல இதைத்தான் நீட்டுவாங்க.” எழுதியதை அடிக்க முடியாது, நடந்ததைப் போலீஸ் புகாரில் தெளிவாகச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

ஸ்டேஷனில் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை. “ஏ.ஆர்.ல லாரியே இல்லையே?” என்றார்கள். அப்புறம் விபத்து நடந்த இடத்துக்கே போய்க் கடை கடையாக விசாரித்தேன். டீக்கடை அக்கா ஒருவர் பார்த்திருக்கிறார். லாரி கொஞ்ச தூரம் தள்ளி வேகத்தைக் குறைத்தபோது, கையில் இருந்த பால் கணக்கு நோட்டில் நம்பரை எழுதி வைத்திருக்கிறார். அவர் வந்து வாக்குமூலம் கொடுத்த பிறகு, மூன்றாம் நாள் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம், கேட்டு வாங்கிவிடுங்கள். லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டே பார்த்தேன்.

எக்ஸ்.எல்.லைச் சரிசெய்து எடுத்து வந்துவிடலாம் என்றார் மாமா. நான் விடவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை வண்டியில் கை வைக்கவே கூடாது. பின் மட்கார்டில் பச்சை பெயின்ட் ஒட்டியிருந்தது, லாரி பம்பரின் இடது மூலையில் அதே பச்சை உரிந்திருந்தது. இரண்டும் அவருடைய அறிக்கையில் ஏறின.

ஐந்தாம் நாள் லாரி முதலாளி பக்கத்திலிருந்து ஒருவர் வார்டுக்கே வந்தார். 15,000 ரூபாய், கூடவே எழுதாத ஒரு பத்திரம். மருந்துச் செலவில் தவித்துக்கொண்டிருந்த அம்மா கை நீட்டிவிட்டார். “கையெழுத்து மட்டும் வேண்டாம்மா” என்று பேனாவை வாங்கி வைத்துக்கொண்டேன். அம்மா அழுதார். அந்த நேரத்தில் அந்தப் பணம் பெரிய பணம்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஒரிஜினல் பில், அண்ணனின் சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் சேர்த்தோம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலும் போடலாம். நாங்கள் நான்காம் மாதம் எங்கள் பக்கத்திலேயே போட்டோம்.

போன மாதம் சாட்சி விசாரணை. சிஸ்டர் சொன்னபடியே, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்தது ஏ.ஆர். காப்பியைத்தான். டீக்கடை அக்கா கடையைப் பூட்டிவிட்டு, நோட்டோடு வந்திருந்தார். பால் பாக்கி 640 என்று எழுதியிருந்ததற்குக் கீழே, சாய்வாக, அந்த லாரி நம்பர்.