மழைக்காலத்துக்குப் படகு மோட்டாரைக் கட்டிவைத்தேன்

ஐப்பசி பிறந்தால் உவரிக் கடலில் என் சின்னப் படகுக்கு வேலை இல்லை. வாடை எழும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலுக்குப் போக மாமா விடமாட்டார். சென்ற ஆண்டுவரை அந்த மூன்று மாதமும் மோட்டார் அவர் வீட்டுத் திண்ணையில் சாக்கு மூடிக் கிடக்கும். தையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கும். இந்த முறை குட்டியானையில் ஏற்றித் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் நானே செய்தேன். 8 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பழைய மோட்டார்.

பராமரிப்புக் கையேடுகள் பெரும்பாலும் பனி கொட்டும் நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே எஞ்சினுக்குள் தங்கிய நீர் உறைந்தால் 9 விழுக்காடு விரிந்து உலோகத்தையே பிளந்துவிடும். அதனால் உறையாத திரவம் ஊற்றச் சொல்கிறார்கள். நம் ஊரில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, உப்பையும் பழைய பெட்ரோலையும் மட்டும் குறிவைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவர இன்னொரு காரணம் தண்ணீர். மாமா வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை வாயில் வைத்தாலே கரிக்கிறது. உப்பைக் கழுவ உவர்நீரை விடுவதில் பொருளில்லை. இங்கே குழாயைத் திறந்தால் தாமிரபரணி.

நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் இறக்கி ஓட்டி உப்பைக் கழுவுவதற்காக முதலில் புரொப்பல்லரைக் கழற்றினேன். தண்டின் அடியில் கறுத்த வளையம் ஒன்று இறுகிக் கிடந்தது. ரப்பர் வாஷர் என்று நினைத்து நகத்தால் கீறினேன், நூலாகப் பிரிந்தது. தங்கூஸ்! எப்போதோ சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு, சூட்டில் உருகி, ஆயில் சீலின் (தண்டைச் சுற்றி, எண்ணெய் வெளியே வராமலும் நீர் உள்ளே போகாமலும் தடுக்கும் வளையம்) உதட்டுக்குள் புகுந்திருந்தது. கியர் ஆயில் திருகைத் திறந்தபோது பயந்தபடியே பால் விட்ட டீயின் நிறத்தில் வடிந்தது. உள்ளே கடல்நீர் போயிருக்கிறது. அப்படியே வைத்திருந்தால் மூன்று மாதத்தில் பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்திருக்கும். என்னைக் கேட்டால், வேறு எதையும் செய்ய நேரமில்லாதவர்கள்கூட இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்: புரொப்பல்லரின் பின்புறம், கியர் ஆயிலின் நிறம்.

சீலை மாற்ற வேண்டுமானால் பின்மூடியைக் கழற்ற வேண்டும். இரண்டே போல்ட். ஆனால் அலுமினிய உடம்பில் எஃகு போல்ட் உப்புநீரோடு சேர்ந்தால், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, போல்ட்டைச் சிமெண்ட் போல் பிடித்துக்கொள்கிறது. முறுக்கினால் போல்ட் முறிந்துவிடும் என்று தோன்றியது. துருநீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் கொதிநீரை ஊற்றி, மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டிவிட்டு, கால்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று திருகினேன். இரண்டாவது போல்ட் 'டக்' என்று விட்டுக்கொடுத்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. சீலின் விளிம்பில் அளவு பொறித்திருந்ததால் பேரிங் கடையில் அதே அளவு உடனே கிடைத்தது. கிரீஸ் தடவாமல் ஒரு போல்ட்டையும் திரும்ப மாட்டவில்லை.

புது கியர் ஆயிலைக் கீழ்த்துளை வழியாக அழுத்தி ஏற்ற வேண்டும். மேல்துளையில் வழியும்போதுதான் உள்ளே காற்று இல்லை என்று பொருள். முதலில் மேல்திருகை மூடிவிட்டுக் குழாயை எடுத்தால், கீழ்த்திருகைப் போடும்வரை ஆயில் அதிகம் கொட்டாது.

பிறகு டிரம்மில் நிறுத்தி, நியூட்ரலில் 10 நிமிடம் ஓடவிட்டேன். எஞ்சின் சூடேறித் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறக்கும் அடைப்பான்) திறந்தால்தான் நல்ல தண்ணீர் எல்லா வழியிலும் போகும். எஞ்சினைக் குளிர்வித்த நீர் வெளியே பீய்ச்சும் பக்கவாட்டுத் துளையில் நீர் ஊசிபோல மெலிந்து வந்தது. அணைத்துவிட்டு மெல்லிய கம்பியால் குத்தினேன். கடுகளவு உப்புக்கட்டி ஒன்று விழுந்தது. மறுபடி ஓட்டியதும் விரல்கனத்துக்குப் பீய்ச்சியது. அந்தத் தாரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைசி நிமிடத்தில் பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, கார்புரேட்டர் வற்றித் தானாக அணையும்வரை விட்டேன். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் உண்டு. மழைக்கால ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். தேங்கினால் பித்தளைத் துளைகளில் பச்சை பூத்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல நான்கைந்து முறை இழுத்தேன்.

மோட்டாரைப் படுக்க வைக்கக்கூடாது. மிச்ச நீர் சிலிண்டர் பக்கம் இறங்கிவிடலாம். பனங்கையில் நிலைச்சட்டம் அடித்து நிமிர்த்தி மாட்டியிருக்கிறேன், அதுவும் மாடியறையில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்க்கொட்டகையில் இருந்த கருவிகளெல்லாம் ஆற்றுச் சேற்றில் மூழ்கின. அந்தக் கொட்டகையை இனி நம்பமாட்டேன். பிளாஸ்டிக் போர்த்தினால் உள்ளே வியர்க்கும் என்பதால் பழைய வேட்டி.

நீர்ப் பம்பின் ரப்பர் இறக்கையை மட்டும் இன்னும் திறக்கவில்லை. அரையாண்டு விடுமுறையில் பார்ப்பேன். அதுவரை அது ஒரே மடிப்பில் படிந்துவிடாமல் பத்து நாளைக்கு ஒருமுறை கயிற்றை மெதுவாக இழுத்துவிடுகிறேன். நேற்றோடு இரண்டு முறை ஆயிற்று. அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை.