ஒரு லன் கேட்டோம், பன்னிரண்டு டிஸ்க் வந்தது: சர்வர் அறை நாட்குறிப்பு

6 மார்ச் 2017, திங்கள்

புதிய தரவுத்தள சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 நிறுவி முடித்து, சர்வரை ஸ்டோரேஜோடு சேர்க்கும் ஃபைபர் சேனல் கேபிள்களை இணைத்தாயிற்று. ஐபிஎம் டிஎஸ்3500 ஸ்டோரேஜிலிருந்து (பல டிஸ்க்குகள் கொண்ட பொதுச் சேமிப்புப் பெட்டி) 2 டிபி அளவில் ஒரே ஒரு லன் (சர்வருக்கு ஒரு டிஸ்க் போலத் தெரியும் பகுதி) ஒதுக்கப்பட்டிருப்பதாக எழுத்தில் இருக்கிறது. ஆனால் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை சர்வரின் சொந்த டிஸ்க்கான எஸ்டிஏ-வுக்குக் கீழே எஸ்டிபி முதல் எஸ்டிஎம் வரை பன்னிரண்டு டிஸ்க்குகளைக் காட்டுகிறது. அவற்றில் நான்கு 2 டிபி, நான்கு 4 டிபி, மீதி நான்கும் 20 எம்பி.

நான்கு நான்காக வருவதில் வியப்பில்லை. சர்வரில் இரண்டு எச்பிஏ (ஃபைபர் சேனல் அட்டை) போர்ட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனி சுவிட்ச் வழியாக ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலர்களையும் எட்டுவதால், எந்த லன்னுக்கும் பாதை நான்கு. வீடு ஒன்று, வாசல் நான்கு. பல பாதைகளை ஒன்றாக்கும் மல்டிபாத் மென்பொருள் வந்து சேர்த்துக் காட்டும் வரை கர்னல் (இயங்குதளத்தின் மையம்) ஒவ்வொரு வாசலையும் தனி வீடாகவே எண்ணும். ஆகவே உண்மையில் என் முன் இருப்பவை மூன்று லன்கள். ஒன்றுதான் நாங்கள் கேட்டது.

7 மார்ச், செவ்வாய்

20 எம்பி புதிர் காலையிலேயே தீர்ந்தது. 'எல்எஸ்ஸ்கசி' கட்டளையின் வெளியீட்டில் அந்த நான்கின் மாடல் பெயர் 'யுனிவர்சல் எக்ஸ்போர்ட்', லன் எண் 31, கர்னல் பதிவில் 512 பைட் அளவில் 40960 செக்டர்கள். இது தரவு வைக்கும் டிஸ்க்கே அன்று. நிர்வாக மென்பொருள் சர்வரின் ஃபைபர் இணைப்பு வழியாகவே கன்ட்ரோலருடன் பேசுவதற்காக ஸ்டோரேஜ் திறந்துவைக்கும் ஒரு சன்னல். எங்கள் நிர்வாகம் ஈத்தர்நெட் வழியே நடப்பதால் இதனால் எங்களுக்குப் பயனுமில்லை, தொல்லையுமில்லை. மல்டிபாத்தின் உள்ளமைந்த பட்டியலே இந்த மாடல் பெயரை விலக்கிவிடும். எஸ்டிஜே, எஸ்டிகே என்று டிஸ்க் பெயரைச் சொல்லி விலக்கும் வழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. சர்வர் அடுத்த முறை பூட் ஆகும்போது அந்தப் பெயர் வேறொரு டிஸ்க்குக்குப் போய்விடக்கூடும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை.

கர்னல் பதிவில் நிரம்பிக் கிடந்த 'பஃபர் ஐ/ஓ எரர்' வரிகளைக் கண்டு இளைய சகா பதறிவிட்டார். கேபிளை மாற்றலாமா என்று கேட்டார். பிழைக் குறியீட்டைப் பார்த்தால், சென்ஸ் கீ 'இல்லீகல் ரிக்வெஸ்ட்', ஏஎஸ்சி 94, ஏஎஸ்சிக்யூ 01. இந்த லன் தற்போது என் பொறுப்பில் இல்லை, மற்றக் கன்ட்ரோலரிடம் போ என்று ஸ்டோரேஜ் சொல்லும் பதில் இது. ஒரு நேரத்தில் ஒரு கன்ட்ரோலரே ஒரு லன்னுக்கு உரிமை பெற்றிருக்கும் அமைப்பில், நான்கு பாதைகளில் இரண்டு இப்படித்தான் பதில் தரும். ஸ்கசி (டிஸ்க்குகளோடு பேசும் நெறிமுறை) அடுக்கில், இத்தகைய பதிலைப் புரிந்துகொள்ளும் ஆர்டாக் ஹேண்ட்லரை எச்பிஏ டிரைவருக்கு முன்பே ஏறும்படி செய்தால் இந்தக் கூச்சல் அடங்கும். கேபிளைத் தொட வேண்டியதில்லை.

8 மார்ச், புதன்

எஞ்சியிருப்பது 4 டிபி. இதில்தான் இன்று முழுவதும் போயிற்று.

முதல் தடயம் எண்ணிலேயே இருந்தது. எங்கள் 2 டிபி லன்னின் எண் 1. 4 டிபி லன்னின் எண் 0. புதிய சர்வருக்கு முதன்முதலாக ஒதுக்கிய லன் ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்றால், பூஜ்யத்தில் ஏற்கனவே யாரோ குடியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். அடுத்து, எல்விஎம் (டிஸ்க்குகளைத் திரட்டிப் பங்கிடும் லினக்ஸ் அமைப்பு) தரும் 'பிவிஎஸ்' கட்டளை ஒரே பிவி (எல்விஎம்முக்கெனக் குறிக்கப்பட்ட டிஸ்க்) இரண்டு டிஸ்க்குகளில் தென்படுவதாக எச்சரித்தது. இரண்டு பாதைகள் மட்டுமே படிக்கக்கூடியவை என்பதால் இரட்டை எண்ணிக்கை சரிதான். ஆனால் யாரும் இன்னும் எதுவும் எழுதாத சர்வரில் பிவி எங்கிருந்து வந்தது? அந்தப் பிவி சேர்ந்திருந்த வால்யூம் குரூப்பின் (பிவிகளின் தொகுப்பு) பெயரைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அது எங்கள் பேக்கப் சர்வரின் பெயர். அந்த நேரத்தில் அந்தச் சர்வர் அதே லன்னில் எழுதிக்கொண்டிருந்தது. இங்கேயோ எல்விஎம் அதைத் தானாகவே ஆக்டிவேட் செய்து வைத்திருந்தது.

"சார், ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்ணி என்ன இருக்குன்னு பார்த்துடலாமே" என்றார் சகா. வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் (படிக்க மட்டும் திறந்தாலும்), 'நோரெகவரி' என்ற தெரிவு இல்லாவிட்டால், முடிவுறாத ஜர்னலை (செய்ய வேண்டிய மாற்றங்களின் குறிப்பு) அது முதலில் டிஸ்க்கில் எழுதித் தீர்க்கும். மறுமுனையில் இன்னொரு சர்வர் அதே கோப்பு முறைமையைத் திறந்து வைத்திருக்கும்போது இப்படிச் செய்தால், இரண்டு கணினிகளின் நினைவகத்தில் இருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய், மூன்றாண்டுப் பேக்கப் சிதைந்துவிடக்கூடும். ஆக்டிவேட் ஆனது ஆபத்தின் வாசல்படி மட்டுமே. மவுண்ட் செய்யாதவரை கோப்புகளுக்குக் கேடில்லை.

மாலையில் ஸ்டோரேஜ் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். புதிய சர்வரைப் பதிவு செய்தபோது அதைப் பேக்கப் சர்வரின் ஹோஸ்ட் குரூப்பிலேயே சேர்த்திருந்தார்கள். குரூப்புக்கு ஒதுக்கிய லன் அதிலுள்ள எல்லா ஹோஸ்ட்டுகளுக்கும் தெரியும். இது கிளஸ்டர்களுக்கான (ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சர்வர் குழுக்கள்) வசதி. கிளஸ்டர் அல்லாத இரண்டு சர்வர்களை ஒரே குரூப்பில் வைப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

9 மார்ச், வியாழன்

வரிசை முக்கியம். முதலில் எங்கள் பக்கத்தில் அந்த வால்யூம் குரூப்பை டிஆக்டிவேட் செய்தோம். பிறகு ஒவ்வொரு பாதையின் டபிள்யூடபிள்யூஐடி-யையும் (லன்னின் தனி அடையாள எண்) ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த நான்கு டிஸ்க்குகளை மட்டும் 'சிஸ்எஃப்எஸ்' (கர்னல் தன் சாதனங்களைக் காட்டும் கோப்பகம்) வழியே கர்னலிலிருந்து நீக்கினோம். அதன் பிறகே ஸ்டோரேஜில் புதிய சர்வரைக் குரூப்பிலிருந்து வெளியே எடுத்தோம். தலைகீழாகச் செய்திருந்தால், ஸ்டோரேஜில் மறைந்துபோன லன்னின் வெற்றுப் பெயர்கள் சர்வரில் தங்கி, தொடும்போதெல்லாம் பிழை தந்துகொண்டிருக்கும். இடையில் யாரும் ரீஸ்கேன் (டிஸ்க்குகளை மீண்டும் தேடும் கட்டளை) கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நீக்கியவை திரும்பி வரும்.

பிறகு மல்டிபாத் இயக்கப்பட்டது. 2 டிபி லன் ஒரே பெயரில், இரண்டு பாதைகள் இயங்கு நிலையிலும் இரண்டு காத்திருப்பிலுமாகத் தெரிகிறது. எல்விஎம் அமைப்பில் மல்டிபாத் பெயர்களையும் சொந்த டிஸ்க்கையும் தவிர மற்றவற்றை விலக்கும் வடிகட்டியைச் சேர்த்து, சர்வர் எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்-ஐ மறுபடி உருவாக்கினேன்.

13 மார்ச், திங்கள்

ரீபூட் சோதனை. பிழை வரிகள் இல்லை. ஆனால் இம்முறை எச்பிஏ டிரைவர் முந்திக்கொண்டதால், சொந்த டிஸ்க் எஸ்டிஐ ஆகிவிட்டது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க் பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத அடையாளம்) இருந்ததால் சர்வர் தடையின்றி எழுந்தது. கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டில் மட்டும் யாரோ எஸ்டிஏ என்று எழுதிவைத்திருந்தார்கள். அது காலை முதல் யுனிவர்சல் எக்ஸ்போர்ட்டை சொந்த டிஸ்க் என்று நம்பி, கொள்ளளவு 20 எம்பி-யாகச் சுருங்கிவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வரியை, டிஸ்க்கின் நிலையான அடையாளத்தைக் கொண்ட 'பை-ஐடி' பாதைக்கு மாற்றினேன்.