63ஆவது தடவை: செகிரோவில் கெனிச்சிரோவை வென்றது

அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கோடு போட்டு வந்தேன். நேற்று இரவு 62 கோடுகள் இருந்தன. 63ஆவதற்குக் கோடு போடத் தேவை வரவில்லை.

டொரொன்டோவில் இருந்து வந்த மச்சான் திரும்பிப் போகும்போது தன் பழைய பிளேஸ்டேஷன் 4ஐயும் மூன்று டிஸ்க்குகளையும் இணுவிலில் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். அதில் ஒன்று செகிரோ. ஃப்ரொம்சொஃப்ட்வெயர் செய்து 2019 மார்ச்சில் வெளிவந்த விளையாட்டு. அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டுக்கான பரிசைத் த கேம் அவார்ட்ஸில் வாங்கியது. "மற்ற ரெண்டையும் முடிச்சிடுவாய். இதை முடிக்கமாட்டாய்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

ஜப்பானில் சிற்றரசர்கள் அடிபட்டுக்கொண்டிருந்த சென்கோக்குக் காலத்தின் கடைசிப் பகுதியில், அஷினா என்ற கற்பனை நாட்டில் கதை நடக்கிறது. நாம் ஓநாய் என்ற பெயருள்ள ஷினோபி, அதாவது நிஞ்சா. தொடக்கத்திலேயே கெனிச்சிரோ அஷினா என்பவன் எங்கள் இடது கையை வெட்டிவிடுவான். அந்தச் சண்டையில் நன்றாக விளையாடினாலும் கை போகத்தான் போகும். பிறகு பல மணி நேரம் விளையாடிக் கோட்டை உச்சிக்கு ஏறினால் அதே ஆள் வாளும் பெரிய வில்லுமாக நிற்பான். செகிரோவைப் பாதியில் விட்ட பலரும் விட்ட இடம் அதுதான்.

முதல் இரவு 11 கோடு, இரண்டாம் இரவு 9. அந்த இருபதிலும் நான் செய்தது ஒரே பிழை. அவன் வெட்ட வருவான், நான் பின்னால் துள்ளுவேன். தூரத்தில் நின்று சுரைக்குடுவையில் மருந்து குடிப்பேன். குடிக்கும் நேரம் பார்த்து அம்பு விடுவான், இல்லையென்றால் ஒரே பாய்ச்சலில் வந்து நெஞ்சில் குத்துவான். பட்டாசுக் கருவியையும் போட்டுப் பார்த்தேன். அவன் ஒரு கணம் திகைப்பான், நான் இரண்டு வெட்டு வெட்டுவேன், அவ்வளவுதான். கருவிக்குத் தேவையான ஆவிச் சின்னங்களும் கரைந்துகொண்டே போயின. நான் அடிக்கடி சாகச் சாக, பழைய கோயிலில் இருக்கும் சிற்பிக்கும் டிராகன்ராட் நோய் தொற்றி அவர் இருமத் தொடங்கினார். அந்த இருமல் சத்தம் எனக்கு உண்மையாகவே மனக்கஷ்டமாக இருந்தது.

முன்விறாந்தையில் இருந்த அம்மம்மா இரண்டாம் இரவு எட்டிப் பார்த்தார். "தம்பி, உதென்ன சத்தம்? கொல்லன் பட்டறை மாதிரிக் கிடக்கு." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "அவன் ஆறுதலா அடிக்கிறான். நீதான் பதறுறாய்" என்றார். அம்மம்மாவுக்கு விளையாட்டு ஒன்றும் தெரியாது. ஆனால் இணுவிலில் பிறந்து வளர்ந்தவர், சின்ன வயதில் இருந்தே தவில் கேட்ட காது. அவர் சொன்னது சரி. பயத்தில் நான் தடுப்பதற்கான எல் 1 பொத்தானை வாய்க்கு வந்தபடி பேசுகிற மாதிரிக் கைக்கு வந்தபடி அடித்துக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டில் அப்படி அடிக்க அடிக்க, டிஃப்ளெக்ட் (எதிரியின் வெட்டைச் சரியான கணத்தில் தட்டிவிடுவது) ஆவதற்கு உள்ள நேரம் இன்னும் சுருங்கிக்கொண்டே போகும்.

மூன்றாம் இரவு கெனிச்சிரோவிடம் போகவில்லை. பழைய கோயில் முற்றத்தில் ஹன்பே என்று சாகாத மனிதன் ஒருவர் இருக்கிறார், அவரோடு பயிற்சி எடுக்கலாம். மிகிரி என்ற திறமையை இரண்டு புள்ளி கொடுத்து வாங்கிவிட்டு அங்கே போனேன். எதிரி குத்த வரும்போது பின்னால் போகாமல் வட்டப் பொத்தானை அழுத்தி அவனை நோக்கியே காலை வைக்க வேண்டும். காலடியில் அவன் ஆயுதம் மிதிபடும். கண் முன்னால் முனை வரும்போது முன்னுக்குப் போவதென்பது உடம்பு இலகுவில் ஒத்துக்கொள்ளாத விஷயம். முப்பது நாற்பது தடவை செய்த பிறகுதான் கை கேட்டது.

அதன் பிறகு இரண்டு இரவுகள், 17 கோடுகள். ஆனால் இவை வேறு விதமான தோல்விகள். அவன் மேலே துள்ளி வந்து வெட்டியதும் சிவப்பாக ஒரு எழுத்துத் தோன்றும், அபாயம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருவது குத்தாகவும் இருக்கலாம், காலைச் சீவுகிற வீச்சாகவும் இருக்கலாம். குத்துக்கு மிகிரி. வீச்சுக்கு மேலே துள்ளி, அவன் தலையிலேயே இன்னொரு தடவை மிதித்துத் துள்ள வேண்டும். எழுத்தைப் பார்த்து முடிவெடுத்தால் பிந்திவிடும். அவன் தோளையும் வாள் நிற்கும் உயரத்தையும் பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த பிறகு முதல் உயிர்ப்பட்டையை எடுக்க முடிந்தது. இரண்டாவதில் நின்றுபோனேன்.

இந்த இடத்தில்தான் பெயர் விஷயம் வருகிறது.

ஜப்பானில் வேலைக்குப் போவதற்காக யாழ்ப்பாணத்தில் ஜப்பானிய மொழி படிக்கும் சிநேகிதன் ஒருவன் பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தான். அவனுக்குக் காட்டுவதற்காக விளையாட்டின் மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றி வைத்தேன். கெனிச்சிரோவின் பெயர் எழுத்துகளைப் பார்த்தவன், "கென் எண்டால் நாண். வில்லின்ரை நாண், வீணையின்ரை தந்தி, ரெண்டுக்கும் அதே எழுத்துத்தான். இச்சிரோ எண்டால் மூத்த பெடியன்" என்றான். வில்லாளிக்கு நாண் என்றே பெயர். அஷினாவைக் கேட்டேன். "அஷி எண்டால் நாணல், னா எண்டால் பெயர்."

நாணல் நாட்டு நாண். இரண்டு ஜப்பானியச் சொற்களுக்கும் தமிழில் இப்படி ஒட்டிப் பிறந்த மாதிரி ஓசை அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் புல்லரித்தது. எங்களிடம் நாண் என்றால் வெட்கம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. மானமா வெற்றியா என்று வந்தால் வெற்றியை எடுக்கிறவன் கெனிச்சிரோ. நாட்டைக் காப்பதற்காக எந்த நாணத்தையும் விட்டுவிடத் துணிந்தவன். அவனை வெறுமனே கெட்டவன் என்று என்னால் அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை. அஷினா என்ற பெயரில் உண்மையிலேயே ஒரு குடி இருந்தது. அயிசு பகுதியை ஆண்ட அவர்கள் 1589இல் சுரியாகெஹாராச் சண்டையில் தாத்தே மசமுனே என்ற சிற்றரசனிடம் தோற்றார்கள். விளையாட்டில் வருவது அந்தக் குடியின் வரலாறு இல்லை. ஆனாலும் அழியப்போகும் நாடு என்ற சோகம் அந்தப் பெயரோடு சேர்ந்தே வருகிறது.

பொங்கல் நாட்களில் விளையாடவில்லை. வாடைக்காற்று நல்ல பலமாக இருந்தது, எல்லாரும் பட்டத்தோடு தோட்டவெளியில் நின்றோம். பெரியப்பா இந்த வருடமும் விண் கட்டினார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: விண் என்பது பட்டத்தின் மேல் பூட்டும் சின்ன வில். அதில் நாணுக்குப் பதிலாகத் தட்டையான நார் இழுத்துக் கட்டியிருக்கும். காற்றுப் பட்டதும் அது அதிர்ந்து கூவும். இரவில் பட்டத்தை இறக்காமல் கட்டிவிட்டால் ஊர் முழுக்க அந்தக் கூவல் கேட்டுக்கொண்டே இருக்கும். நாரை இழுத்துக் கட்டும்போது பெரியப்பா சொன்னார்: "தொய்ஞ்சால் கூவாது. கூட இறுக்கினால் அறுந்திடும். காதாலை கேட்டுத்தான் கட்டவேணும்."

அன்றிரவு படுத்திருந்து அந்தக் கூவலைக் கேட்கும்போது எனக்கு விளங்கியது, நான் இவ்வளவு நாளும் கெனிச்சிரோவைப் பார்த்தேனே தவிர, கேட்கவில்லை.

செகிரோவில் வெறுமனே தடுத்தால் மந்தமான ஒரு சத்தம் வரும். சரியான நேரத்தில் டிஃப்ளெக்ட் செய்தால் கணீர் என்று வேறு ஒரு சத்தம், பொறியும் பெரிதாகப் பறக்கும். திரும்பப் போனபோது ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, வெல்லும் எண்ணமே இல்லாமல், அந்தக் கணீர் சத்தத்தை மட்டும் தேடினேன். மிதக்கும் படகு என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு தொடர்வெட்டு அவனிடம் இருக்கிறது. சுழன்று சுழன்று வெட்டுகள் வந்துகொண்டே இருக்கும். முன்பு அது தொடங்கியதுமே ஓடிவிடுவேன். இப்போது நின்று கேட்டேன். வெட்டுகள் சோடி சோடியாக வருகின்றன, இடையில் ஒரு மூச்சு விடுகிறான், பிறகு கடைசி வெட்டு. தவில்காரர் தீர்மானம் என்ற முடிப்புக்கு வரும் இடம் மாதிரி. அந்த மூச்சில் அவசரப்பட்டு நான் அடிக்கப் போனதால்தான் ஒவ்வொரு தடவையும் செத்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் சரியாகப் பிடிபட்டது. இந்த விளையாட்டில் எதிரியைச் சாய்ப்பது உயிர்ப்பட்டையைக் கரைத்து மட்டும் இல்லை. போஸ்சர் என்ற, நிலைகுலைவைக் காட்டும் பட்டையை நிரப்பியும்தான். அவனை விட்டு விலகினால் அது வடிந்துபோகும். உயிர் நிறைய இருக்கும் வரை சீக்கிரம் வடியும், உயிர் குறைந்தால் மெதுவாக வடியும். ஆகவே ஆரம்பத்தில் கிடைக்கும் சின்னச் சின்ன வெட்டுகள் வீண் இல்லை. அதற்குப் பிறகு நெருங்கியே நின்று, அவன் அடித்தால் டிஃப்ளெக்ட், நிறுத்தினால் நான் அடி, அவன் தடுத்தால் அடுத்தது அவன் முறை. எங்கள் போஸ்சர் நிரம்பினால் ஓடத் தேவையில்லை. எல் 1ஐ அழுத்திப் பிடித்தபடி நின்றால் வேகமாக இறங்கும். நாரைத் தொய்யவும் விடக்கூடாது, அறுக்கவும் கூடாது.

44ஆவது தடவை இரண்டாம் பட்டையும் போனது. துள்ளி எழும்பினேன். அவன் எழும்பினான். மேற்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மின்னலோடு வந்தான்.

மூன்றாவது கட்டத்தில் அவன் பெயரே மாறிவிடும், தொமோயே வழி என்று. தொமோயே அவனுக்கு மின்னல் வித்தை கற்றுக்கொடுத்த பெண். இந்தப் பெயருக்கும் பழைய வேர் இருக்கிறது: ஜப்பானின் 12ஆம் நூற்றாண்டுக் கென்பெய் போரின் கதைகளில் வரும் வீராங்கனை தொமோயே கோசென். தொமோயே என்பது சுழலும் வால்துளி போன்ற ஒரு சின்னமும்கூட. இடிக்கடவுள் ரைஜினின் முரசுகளில் அதை வரைவார்கள். வில்லாளிகள் நாண் சுடாமல் இருக்க இடது மணிக்கட்டில் கட்டிய தோல்காப்பில் இருந்து அந்தச் சொல் வந்தது என்றும் ஒரு விளக்கம் உண்டு. இடி, முரசு, நாண், எல்லாம் ஒரே பெயருக்குள். பெயர் வைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மின்னலுக்குச் செய்ய வேண்டியது புத்திக்கு எதிரானது. அவன் மின்னலேந்தி மேலே எழும்பும்போது நாமும் எழும்பி, காற்றில் இருக்கும்போதே அந்த அடியை வாங்க வேண்டும். கால் நிலத்தில் படுவதற்கு முன் வெட்டும் பொத்தானான ஆர் 1ஐ அழுத்தினால் மின்னல் அவனுக்கே திரும்பிப் போகும். நிலத்தில் நின்று வாங்கினால் உடம்பு விறைத்துப்போய்க் கதை முடிந்தது. நான் எட்டுத் தடவை முந்தி எழும்பி முந்தியே கீழே வந்தேன். இதற்கும் காதுதான் உதவியது. மின்னல் சேரும் சத்தம் வந்ததும் எழும்பாமல், ஒரு கணம் பொறுத்து அவன் வீசும்போது எழும்பினேன்.

நேற்று இரவு, 63. முதல் கட்டத்தில் மருந்து குடிக்கவே இல்லை. இரண்டாவதில் இரண்டு வாய். மூன்றாவதில் மின்னல் ஒரு தடவை திரும்பிப் போய் அவனை உலுக்கியது, ஓடிப்போய் நாலு வெட்டு. பிறகு மிதக்கும் படகு. கணீர், கணீர், அந்த மூச்சு, நான் அசையவில்லை, கடைசி கணீர். அவன் போஸ்சர் உடைந்து, கடைசி வெட்டுக்கான சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஆர் 1.

கை நடுங்கியதில் கொன்ட்ரோலரை மேசையில் வைக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. அம்மம்மா உள்ளே இருந்து "பட்டறை மூடியாச்சோ?" என்று கேட்டார். "ஓம் அம்மம்மா" என்றேன். மச்சானுக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். டொரொன்டோவில் அப்போது பகல். உடனே பதில் வந்தது: "இனித்தான் குரங்கு இருக்கு."

சிநேகிதனிடம் அந்தக் குரங்கின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன். ஷிஷிசாரு, சிங்கக் குரங்கு. கொப்பியில் புதுப் பக்கம் எடுத்து மேலே அதை எழுதியாகிவிட்டது.