டோனர் போடுவதா, சவர்க்காரத்தை மாற்றுவதா?

முகம் கழுவியபின் பூசும் திரவமான டோனரைத் தினமும் போடத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு அதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட முடியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குறுக்கே வந்து நிற்கிறது.

முன்பு எல்லாரும் முகம் கழுவியது கட்டிச் சவர்க்காரத்தால். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் அதன் பிஎச் (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9க்கும் 10க்கும் இடையில் நிற்கும். தோலோ சற்று அமிலத்தன்மையானது, ஏறக்குறைய 5. தோலில் ஒட்டிக்கொண்ட சவர்க்கார மிச்சத்தைத் துடைத்தெடுக்கவும், ஏறிய பிஎச்சைக் கீழே இறக்கவும் டோனர் பயன்பட்டது. நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். பிஎச்சில் ஒரு படி என்றால் பத்து மடங்கு என்று ஆண்டுதோறும் தொண்டை வரளச் சொல்கிறவளுக்கு இந்த 5க்கும் 10க்கும் உள்ள தூரம் சின்னதாகத் தெரியாது. இருந்தாலும் நல்ல தோல் சில மணித்தியாலங்களில் தன் அமிலத்தன்மையைத் தானே மீட்டுக்கொள்ளும். இப்போது கிடைக்கும் பேஸ் வோஷ்களில் பல சவர்க்காரமே அல்ல. செயற்கைச் சுத்திகரிப்பான்களைக் கொண்டு பிஎச் 5.5 அளவில் தயாரிக்கப்பட்டவை. அவற்றால் கழுவுகிறவருக்கு டோனரின் பழைய வேலை எதுவும் மிச்சமில்லை.

இனி கிணற்றுக்கு வருகிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல்: அதுதான் கல்லடி. கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் மாதங்களில் எங்கள் வளவுக் கிணறு உவர்க்கத் தொடங்கும். சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. வாளியின் உட்புறத்தில் சாம்பல் நிறப் படை ஒன்று ஒட்டியிருக்கும்; நகத்தால் சுரண்டினால் மெழுகைப் போலச் சுருண்டு வரும். தண்ணீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து, கரையாத பொருளாகப் படிகின்றன. வாளியில் படிவது கன்னத்தை மட்டும் விட்டுவைக்குமா? கழுவியதும் முகம் இழுத்துப் பிடிப்பதிலும், டோனரில் நனைத்த பஞ்சு மங்கி வருவதிலும் இதற்குப் பங்குண்டு. ஒரு பியூட்டி பார்லரில் அந்தப் பஞ்சைக் கண்முன்னே நீட்டி, “அழுக்கைப் பார்த்தீர்களா அக்கா?” என்றுதான் எனக்கு ஒரு போத்தலை விற்கப் பார்த்தார்கள்.

ஆகவே இப்படிக் கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த வன்னீரில் சவர்க்காரம் போட்டு முகம் கழுவும் வீட்டில் டோனருக்கு இன்றும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் சவர்க்காரம் விட்டுப்போனதைத் துடைக்க மாதாமாதம் ஒரு போத்தல் வாங்குவதைவிடச் சவர்க்காரத்தை மாற்றுவது மலிவு. செயற்கைச் சுத்திகரிப்பான் வன்னீரில் அப்படித் திரளாது. கடைசி அலசலுக்கு மட்டும், உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை ஒரு கோப்பை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்தப் பேச்சு எழுந்ததே மச்சாளின் மகளால்தான். பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்தவள் குளியலறை ஜன்னல் கட்டில் போத்தல்களை வரிசையாக அடுக்கிவிட்டு, “மாமி, டோனர் போடாவிட்டால் முகத்துத் துவாரமெல்லாம் திறந்தே கிடக்குமாமே?” என்று கேட்டாள். துவாரத்தின் வாயை மூடித் திறக்கத் தசை எதுவும் கிடையாது. அற்ககோலின் குளிர்ச்சியில் தோல் சற்று இறுகியதுபோல் தோன்றும், அவ்வளவுதான். அவள் நம்பவில்லை. (இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆசிரியையைவிடக் கைபேசியைத்தான் நம்புகிறார்கள்.) என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் பிஎச் தாளைக் கிழித்து, அவளுடைய பேஸ் வோஷைக் கரைத்த தண்ணீரில் நனைத்தோம். தாள் மஞ்சளாகவே நின்றது. எங்கள் குளியல் சவர்க்காரத்தின் நுரையில் நீலம் ஏறியது; நீலம் என்றால் காரம். டோனர் போத்தலைத் திருப்பிப் பார்த்தால், தண்ணீருக்கு அடுத்த பெயரே அற்ககோல். அளவில் கூடியது முதலில் வருமாறுதான் அந்தப் பட்டியலை எழுதுவார்கள். கச்சானில் உதடு வெடிக்கும் நாட்களில் அதை முகத்தில் தேய்ப்பது, காசு கொடுத்துத் தோலைக் காயவைக்கிற வேலை.

எல்லா டோனரும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். எண்ணெய் வழியும் முகம், மூக்கில் கரும்புள்ளி என்றால், சாலிசிலிக் அமிலம் 2% உள்ளதற்கு வேலை இருக்கிறது. எண்ணெயில் கரைவதால் அது துவாரத்துக்குள் இறங்கும். கிளைக்கோலிக் அமிலம் இறந்த கலங்களின் படையை உரிக்கும். அந்தத் தோல் வெயிலை முன்போலத் தாங்காது என்பதால் இரவில் மட்டும், அதுவும் விட்டுவிட்டுப் போட்டால் போதும். கிளிசரின் கலந்த ஈரப்பத டோனரால் கெடுதல் இல்லை. ஆனால் அதே கிளிசரின் பெரும்பாலான மொயிஸ்சரைசர்களிலும் இருக்கிறதே!

மத்தியானம் ஸ்கூட்டரில் கல்லடிப் பாலத்தைக் கடக்கிறவளுக்கு மேலிருந்து ஒரு வெயில், வாவியிலிருந்து தெறிப்பது இன்னொன்று. கையில் இருக்கும் காசு ஒரு பொருளுக்குத்தான் காணும் என்றால் சன்ஸ்கிரீனை வாங்குங்கள். மச்சாளின் மகளிடமும் இதைத்தான் சொன்னேன்.

பன்னீர் வாசம் பிடித்திருக்கிறது என்று போடுகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. வெறும் தண்ணீரில் வாசனை கலந்ததாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள். பஞ்சை மட்டும் விட்டுவிடுங்கள், பாதியை அதுவே குடித்துவிடுகிறது. உள்ளங்கையில் நாலு சொட்டு ஊற்றித் தட்டிக்கொண்டால் போத்தல் இன்னும் பல நாள் வரும்.